சரிவு முதலில், ஓடு பிறகு: கோலா பிலாவில் பீட்சா அடுப்புக்கு ஒரு கூரை

கொல்லையில் கட்டிய பீட்சா அடுப்பைக் கெடுப்பது பெரும்பாலும் மழைதான். உள்ளே 450 பாகை செல்சியஸ் வரை சூடு ஏறினாலும் நெருப்புச் செங்கல் தாங்கிக்கொள்ளும். அது அதற்கென்றே சுட்டு எடுத்தது. ஆனால் சில நாள் மழையைக் குடித்து ஊறிக் கிடக்கும் குவிமாடத்தில், விருந்தாளி வந்த அவசரத்தில் பெருந்தீ மூட்டினால் கதையே வேறு. சுவருக்குள் தேங்கிய தண்ணீர் நீராவியாகும். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். வெளியேற வழி கிடைக்காத ஆவி மேற்பூச்சை உரிக்கும், செங்கல்லின் முகத்தைச் செதில் செதிலாகப் பெயர்க்கும், குவிமாடத்தின் குறுக்கே விரிசல் விடும். அடுப்புக்குக் கோடு போடும் நாளிலேயே கூரைக்கும் கோடு போட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கோலா பிலாவில் இந்தக் கவலை வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நெகிரி செம்பிலானில், சிரம்பானிலிருந்து புக்கிட் பூத்துஸ் மலைப்பாதையைத் தாண்டி இறங்கினால் வரும் ஊர் இது. மலை மறைவில் இருக்கும் பக்கத்து மாவட்டமான ஜெலுபு, தீபகற்பத்திலேயே மழை குறைந்த இடங்களில் ஒன்றாகப் பெயர் எடுத்தது. ஆனால் ஆண்டுக் கணக்கு குறைவு என்பதற்காக மழை இங்கே மெதுவாகப் பெய்வதில்லை. பருவக்காற்று திசை மாறும் ஏப்ரலையும் அக்டோபரையும் ஒட்டி, நண்பகல் வரை வெயில் கொளுத்தும். பிற்பகலில் இடியோடு கொட்டித் தீர்க்கும். காற்று அந்த மழையைச் சாய்த்து அடிக்கும். அடுப்புக் கூரைக்குச் சோதனை அந்த ஒரு மணி நேரம்தான்.

கூரைக்கு என்ன போடுவது என்று கேட்டால் பலரும் முதலில் தகரத்தையே காட்டுவார்கள். விலை குறைவு, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் வெயிலில் காய்ந்த தகரத்தின் கீழே, எரியும் அடுப்பின் முன்னே நின்று மாவு தட்டுவது பெரும்பாடு. மழை வந்தால் பேச்சுக் குரல் கேட்காது. ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு புகைபோக்கியின் அருகில் வளைந்து உருகும். பழைய தோட்ட வீடுகளில் மிஞ்சிக் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை எடுத்துப் போடலாம் என்ற யோசனையை அடியோடு கைவிட வேண்டும். அந்த நார் நுரையீரலுக்குக் கேடு. அதோடு, கடும் சூடு பட்டால் தகடு வெடித்துச் சிதறும்.

சுட்ட களிமண் ஓடு எரியாது, உருகாது. மழை நாளில் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, வெயில் வந்ததும் அதை ஆவியாக விட்டுக் கீழே குளிர்ச்சி தரும். அடுப்பும் ஓடும் ஒரே மண்ணின் இரண்டு உருவங்கள் என்பதால் கண்ணுக்கும் ஒட்டிப்போகும். ஆகவே ஓடு என்று முடிவெடுப்பது எளிது. எந்த ஓடு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். படத்தில் பார்த்த நிறத்தையும் பழமைத் தோற்றத்தையும் வைத்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அதற்கு ஏற்ற சட்டம் அடிக்கப் பார்க்கிறார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும்: முதலில் கூரையின் சரிவு, அடுத்து அது சுமக்கும் எடை, அதன் பிறகே ஓடு.

மலேசியக் கூரைகளில் மூன்று ஓடுகள்

மலாயாவில் களிமண் ஓடு என்றால் பெரும்பாலும் மூன்று குடும்பங்கள்.

முதலாவது, சீனர்கள் கொண்டுவந்த வளைந்த சிறு ஓடு. பினாங்கு, மலாக்கா கடைவீடுகளின் கூரைகளில் வரி வரியாகத் தெரிவது இதுதான். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாத ஓடு என்பதால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காகப் போட்டு, சுண்ணாம்புச் சாந்து வைத்து இறுக்குவார்கள். அழகு நிறைய, எடையும் நிறைய. ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த பிறகு, பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பவர்களும் இதே ஓட்டைத் தேடுகிறார்கள். கொல்லை அடுப்புக்காக அவர்களோடு போட்டி போட வேண்டியதில்லை.

இரண்டாவது, கிளந்தான், திரங்கானுப் பக்கத்துச் சிங்கோரா ஓடு. தாய்லாந்தின் சொங்க்லாவுக்கு மலாய்க்காரர்கள் வைத்த பழைய பெயர் சிங்கோரா. கையால் வார்த்த மெல்லிய தட்டையான ஓடு, நுனி கூராக இருக்கும். மீன் செதில் போல நெருக்கமாக மேலுக்கு மேல் மாட்ட வேண்டும். தண்ணீர் நிற்காமல் ஓடச் செங்குத்தான கூரை வேண்டும். உயர்ந்த மலாய் வீட்டுக்கு அது பொருந்தும். தாழ்வான அடுப்புக் கொட்டகைக்கு அந்தச் சரிவைக் கொடுத்தால் கூரை மட்டும் தனியாக வானத்தில் நிற்கும்.

மூன்றாவது, தமிழ்நாட்டில் சீமை ஓடு என்றும் மங்களூர் ஓடு என்றும் வழங்குவது. கோலா பிலா அடுப்புக்குப் பொருந்துவது இதுதான். அதற்கான காரணம் இதன் பிறப்பிலேயே இருக்கிறது.

பிரான்சின் அல்சாஸ் பகுதியில், அல்ட்கிர்ஷ் என்ற ஊரைச் சேர்ந்த கிலார்தோனி சகோதரர்கள் 1841இல் ஓர் ஓட்டுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதுவரை ஐரோப்பாவின் தட்டை ஓடுகளை இரண்டு மூன்று அடுக்காகப் போட்டால்தான் மழை உள்ளே வராது. இவர்கள் ஓட்டின் ஓரங்களில் வாய்க்காலும் வரம்பும் வைத்தார்கள். ஓர் ஓட்டின் வரம்பு அடுத்த ஓட்டின் வாய்க்காலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு ஓடுகளுக்கு நடுவே கசியும் நீரை அந்த வாய்க்கால் வாங்கிக் கீழே இறக்கிவிடும். ஒரே அடுக்கில் கூரை முடிந்தது. எடையும் மரச்செலவும் குறைந்தன. மார்செய் துறைமுகத்தைச் சுற்றியிருந்த சூளைகள் இந்த வகை ஓட்டைக் கப்பல் கப்பலாக உலகெங்கும் அனுப்பின. மார்செய் ஓடு என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

1865இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மதப்பணி அமைப்பைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில், நேத்ராவதி ஆற்றின் அருகே ஜெப்பு என்ற இடத்தில் இந்த வகை ஓட்டுக்குத் தொழிற்சாலை தொடங்கினார். ஆற்றுப் படுகையின் களிமண் அதற்குக் கைகொடுத்தது. தொடக்கத்தில் மாடு பூட்டி மண் பிசைந்த தொழில், பின்னால் நீராவி இயந்திரத்துக்கு வளர்ந்து, கோழிக்கோடு, பரோக் வரை கிளை பரப்பியது. மங்களூர் ஓடு இந்தியா முழுவதும் ரயில் நிலையங்களுக்கும் பள்ளிகளுக்கும் கூரையானது. கடல் கடந்து இலங்கைக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்கும் போனது. மலாயாவின் பழைய கட்டடங்களில் இந்த வடிவத்து ஓடு தென்பட்டால், அது மார்செயிலிருந்து வந்ததா மங்களூரிலிருந்து வந்ததா என்பதை ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். சூளையின் பெயரையோ முத்திரையையோ பின்புறத்தில் அழுத்தி வைப்பது இரண்டு ஊர்களுக்கும் வழக்கம். கிஷார் கார்வேன் என்ற மார்செய் நிறுவனத்தின் தேனீ முத்திரை பழைய ஓடு சேகரிப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த அடையாளம்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஓட்டுக் கூரைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஓடு வேய்ந்தது பெரும்பாலும் துரை பங்களாவும் ஆபீஸும்தான். பால் வெட்டியவர்களின் லயத்துக்கு முதலில் அத்தாப்பு, பிறகு தகரம். மழை இரவில் குழந்தையை எந்தப் பக்கம் படுக்கவைப்பது என்று தகரத்தின் ஓட்டையை அண்ணாந்து பார்த்துத் தீர்மானித்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்களின் பேரப்பிள்ளைகள் சொந்த நிலத்தில், தாங்கள் சமைக்கும் அடுப்புக்கு அதே பங்களாக்களின் ஓட்டை வேய்வது நியாயமான ஆசை. நன்றாகச் சுட்ட ஓடு நூறு ஆண்டு தாண்டியும் உழைக்கும். அதை மண்ணோடு மண்ணாகப் புதைப்பது வீண்.

சரிவும் எடையும்

மங்களூர் வகை ஓட்டுக்கு 30 பாகைச் சரிவு நல்ல கணக்கு. கிடைமட்டத்தில் ஒரு மீட்டர் போனால் 58 சென்டிமீட்டர் உயர வேண்டும். அதைவிடப் படுத்தால், காற்று மழையை மேல்நோக்கித் தள்ளும்போது வாய்க்கால் நிறைந்து தண்ணீர் உள்ளே வழியும். மிகவும் நிமிர்த்தினால் ஓடுகளைக் கம்பி போட்டுக் கட்டாமல் நிறுத்த முடியாது. கொத்தனார் வந்ததும் "அண்ணே, என்ன ஓடு போடப் போறீங்க?" என்றுதான் கேட்பார். "30 பாகை வைங்க, ஓட்டுக் கணக்கு அப்புறம் பேசலாம்" என்று தொடங்குவது நல்லது.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். குடும்ப அளவு அடுப்பு, பக்கத்தில் மாவு தட்ட ஒரு மேடை, விறகு அடுக்க ஓர் இடம். இவை மூன்றுக்கும் இறவாரம் உட்பட 3 மீட்டருக்கு 4 மீட்டர் கூரை போதும். நடுவில் முகடு வைத்து இருபுறமும் சரித்தால் ஒவ்வொரு சரிவின் நீளமும் சுமார் 1.73 மீட்டர். மொத்தப் பரப்பு 14 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்த வகை ஓட்டில் சதுர மீட்டருக்குச் சுமார் 15 வேண்டும். ஆக 210 ஓடு. ஓடு ஒன்று இரண்டரைக் கிலோவை ஒட்டி இருக்கும். அப்படியானால் காய்ந்த நிலையிலேயே கூரையில் 525 கிலோ. மழையில் நனைந்தால் 600 கிலோவை நெருங்கும். இதே இடத்துக்குத் தகரம் போட்டால் 60 கிலோகூட வராது.

தகரத்துக்கு அடித்த மெல்லிய இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பிறகு ஓட்டை ஏற்றக் கூடாது என்று சொல்வது இந்தப் பத்து மடங்கு வித்தியாசத்தால்தான். தூணுக்கு அடியில் கான்கிரீட் அடிமானம் வேண்டும். இரண்டு எதிர்க் கைமரங்களும் வெளிப்பக்கம் பிதுங்காமல் இழுத்துப் பிடிக்கக் குறுக்கு உத்திரம் வேண்டும். பழைய ஓட்டுக் கொட்டகைகள் நடுவில் தொய்ந்து நிற்பதற்குக் காரணம், பெரும்பாலும் இந்தக் குறுக்கு உத்திரம் இல்லாததோ கைமரம் ஒல்லியாக இருந்ததோதான்.

மரத்தைப் பொறுத்தவரை இந்த ஊர் கொடுத்துவைத்தது. கோலா பிலாவுக்கு அருகே ஸ்ரீ மெனாந்தியில் 1902 முதல் 1908 வரை கட்டிய பழைய அரண்மனை, 99 தூண்களில், ஆணி இல்லாமல் எழுப்பியது. அதன் தூண்கள் மலாய்க்காரர்கள் செங்கால் என்று சொல்லும் வன்மரம். கரையானும் ஈரமும் அதை எளிதில் தொடுவதில்லை. செங்கால் இன்று விலை உயர்ந்த மரம். தூணுக்கு மட்டும் அதை வைத்து, கைமரத்துக்கு மருந்தேற்றிய மெராந்தி போடலாம். ரப்பர் கட்டையை மட்டும் கூரைச் சட்டத்துக்கு எடுக்கக் கூடாது. வெளியில் ஈரம் பட்டால் பூஞ்சையும் பூச்சியும் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். அதன் இடம் அடுப்புக்குள்.

பழைய ஓட்டைச் சோதிப்பது

ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகள் ஓடு வாங்குவதைப் பற்றிச் சொல்லும்போது உறைபனியில் வெடிக்காத ஓடா என்று முதலில் பார்க்கச் சொல்லும். நெகிரி செம்பிலானுக்கு அந்தப் பாடம் தேவையில்லை. இங்கே ஓட்டுக்கு வரும் சோதனை பாசியும், சாய்ந்தடிக்கும் மழையும், கூரைக்கு மேல் தாவும் குரங்கும்.

பழைய சாமான் வியாபாரியின் கொட்டடியில் ஓடு செங்குத்தாக அடுக்கியிருந்தால் நல்ல அறிகுறி. படுக்கவைத்துக் குவித்திருந்தால் அடியில் இருப்பவற்றில் பல கீறியிருக்கும். ஒன்றை எடுத்து, ஒரு கையின் விரல்களில் தொங்கவிட்டு, மறு கையின் விரல் முட்டியால் நடுவில் தட்ட வேண்டும். நன்றாகச் சுட்ட, கீறல் இல்லாத ஓடு கணீரென்று ஒலித்து ஓசை சற்றே நீளும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஓசை டொக்கென்று அங்கேயே செத்துவிடும். சூடு போதாத ஓடும் மந்தமாகத்தான் ஒலிக்கும்; அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும். காது பழகிவிட்டால் ஓர் அடுக்கைத் தட்டிப் பிரிக்க அதிக நேரம் ஆகாது.

அடுத்து, ஓட்டைத் திருப்பி மூக்கைப் பார்க்க வேண்டும். சட்டத்தில் ஓட்டை மாட்டி நிறுத்தும் அந்தச் சிறு மேடு உடைந்திருந்தால் ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்க வேண்டியதுதான். ஓரத்து வரம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால் பரவாயில்லை. வரம்பு விரல் நீளத்துக்கு உடைந்திருந்தால் தண்ணீர் அங்கே வழி கண்டுபிடிக்கும்.

வாங்குவதற்கு முன் சில ஓடுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர்ச் சோதனை செய்வது நல்லது. வெயிலில் நன்றாகக் காயவைத்து எடை போட்டு, ஒரு நாள் முழுதும் தண்ணீரில் மூழ்கவைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடை போட வேண்டும். 2.5 கிலோ ஓடு 2.8 கிலோவானால் 12 சதவீதம் உறிஞ்சியிருக்கிறது, நல்ல ஓடு. 3 கிலோவைத் தாண்டினால் 20 சதவீதத்துக்கு மேல். பாசி அதில்தான் முதலில் பிடிக்கும். மங்களூர் வகை ஓட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 654 ஓட்டின் தரத்தைப் பிரிக்கப் பயன்படுத்தும் அளவுகோல்களில் இந்த நீர் உறிஞ்சுதலும் உடைக்கத் தேவைப்படும் பளுவும் முக்கியமானவை.

பலர் விட்டுவிடும் சோதனை ஒன்று உண்டு. ஒரே வடிவம் போலத் தெரிந்தாலும் வேறு வேறு சூளைகளின் ஓடுகள் ஒன்றோடொன்று சரியாகப் பூட்டாது. அச்சு சில மில்லிமீட்டர் மாறினாலே வாய்க்காலும் வரம்பும் சண்டை போடும். தரையில் இரண்டு ரீப்பர் சட்டங்களை இணையாக வைத்து, வெவ்வேறு அடுக்குகளிலிருந்து எடுத்த பத்துப் பன்னிரண்டு ஓடுகளை மாட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஓடு ஆடாமல் உட்கார்ந்தால் அந்தக் குவியலை வாங்கலாம். சட்டங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்ற அளவையும் அந்த ஓடுகளிலிருந்தே எடுக்க வேண்டும், புத்தகத்திலிருந்து அல்ல. தச்சர் சட்டம் அடிப்பதற்கு முன்னால் ஓடு வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டியது இதற்காகத்தான்.

பாசியைத் தேய்க்க நார்த் தூரிகையும் தண்ணீரும் போதும். உயர் அழுத்தக் குழாயால் பீய்ச்சினால் ஓட்டின் இறுகிய மேல்தோல் போய், முன்னைவிட வேகமாகத் தண்ணீர் குடிக்கும். சிவப்புச் சாயம் அடித்துப் புதிதாக்குவதும் வேண்டாத வேலை. சாயம் உரியும்போது கூரை சொறி பிடித்ததுபோல் ஆகிவிடும். பழமைத் தோற்றம் வேண்டுமென்றால் ஓடுகளை அடுக்கு மாற்றிக் கலந்து வேய்ந்தால் போதும்; சூளையில் நெருப்புக்கு அருகில் இருந்தது கருஞ்சிவப்பாகவும் தள்ளி இருந்தது ஆரஞ்சாகவும் கலந்து, கூரை தானாகவே உயிர் பெறும்.

புகைக்கு வழி

கூரையில் தண்ணீர் நுழையும் இடம் பெரும்பாலும் புகைபோக்கி ஓட்டைத் துளைத்து வெளியேறும் இடம்தான். பீட்சா அடுப்பின் புகைபோக்கி அடுப்பு வாய்க்கு நேர் மேலே, முன்புறம் இருக்கும். அடுப்பைச் சற்று முன்பின் நகர்த்தி வைத்தால் குழாய் முகட்டுக்கு அருகே வெளியேறும். முகட்டின் அருகே மேலிருந்து வரும் தண்ணீர் குறைவு. அங்கே கசிவை அடைப்பது எளிது. சரிவின் நடுவில் துளைத்தால் மேற்புறத்து மழை முழுவதும் குழாயில் வந்து மோதும். குழாயைச் சுற்றி உலோகத் தகடு மடித்து, அதன் மேல் விளிம்பை மேலே இருக்கும் ஓட்டுக்கு அடியில் சொருகி, கீழ் விளிம்பைக் கீழே இருக்கும் ஓட்டுக்கு மேலே விட வேண்டும். சிமெண்ட் பூசி அடைத்தது சில மாதங்களில் விரிந்துவிடும். சூட்டில் உலோகக் குழாய் நீளும், சிமெண்ட் நீளாது.

ஒற்றைச் சுவர் இரும்புக் குழாய்க்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே 45 சென்டிமீட்டர் இடம் விடச் சொல்வது பல நாடுகளின் விதிகளில் பொதுவான அளவு. நடுவில் வெப்பக்காப்பு வைத்த இரட்டைச் சுவர்க் குழாய் போட்டால் அந்த இடைவெளி குறையும். ஓட்டுக்கு அடியில் விரிக்கும் வெள்ளி நிறக் காப்புத் தாளில் பிளாஸ்டிக்கும் காகிதமும் உண்டு. குழாயைச் சுற்றி அதை வெட்டி எடுக்காமல் விட்டால் தீப்பிடிக்கும்.

புகை எல்லாம் குழாய் வழியே போகாது. தீ மூட்டும் முதல் கால்மணி நேரத்தில் அடுப்பு வாய் வழியாகவும் பொங்கி வரும். அதற்கு விடையைத் தோட்டத்துக்காரர்கள் ஏற்கெனவே கண்டுவைத்திருக்கிறார்கள். ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டு 60 பாகை செல்சியஸ் சூட்டில் நாள்கணக்காகப் புகையிட்ட ஸ்மோக் ஹவுஸ்களின் கூரை முகட்டில் புகை வெளியேறத் திறப்பு விட்டு, அதற்கு மேல் சிறு கூரை ஒன்றைத் தூக்கி வைத்திருப்பார்கள். சூடான புகை தானாக மேலேறி வெளியேறும். மழை உள்ளே விழாது. அடுப்புக் கொட்டகையின் முகட்டில் அதே போல ஒரு கை அகலத்துக்கு இடைவெளி விட்டு, மேலே இரண்டு வரிசை ஓட்டைத் தூக்கி வைத்தால் கண் எரியாமல் சமைக்கலாம்.

மாவு தட்டும் மேடைக்கு நேர் மேலே கண்ணாடி ஓடு ஒன்றிரண்டு வைப்பது நல்ல யோசனை. மங்களூர் ஓட்டின் அச்சிலேயே வார்த்த கண்ணாடி ஓடு தமிழ்நாட்டு, கேரள வீட்டு அடுக்களைகளில் பழகிய பொருள். பிற்பகலில் விளக்குப் போடாமலே மாவின் நிறம் தெரியும்.

இறவாரம் அடுப்பிலிருந்து 60 சென்டிமீட்டராவது வெளியே நீள வேண்டும். மழை எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்பதை வீட்டுச் சுவரில் பாசி எந்தப் பக்கம் அடர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே சொல்லிவிடலாம். அடுப்பு வாயை அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். ஓரத்து வரிசைகளையும் முகட்டை ஒட்டிய வரிசைகளையும் துருப்பிடிக்காத கம்பியால் சட்டத்தோடு கட்டிவிட்டால் காற்றுக்கும் குரங்குக்கும் ஒரே காப்பு. மழைநீர்க் கால்வாய் மாட்டினால் ரப்பர் இலை விழுந்து அடைத்து ஏடிஸ் கொசுவுக்கு வீடாகிவிடும். இவ்வளவு சிறிய கூரைக்கு, தண்ணீர் விழும் கோட்டில் தரையில் ஜல்லி கொட்டிவைப்பதே போதும்.

கூரையின் கீழே

விறகுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ரப்பர் மரத்தை 25, 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்கிறார்கள். காய்ந்த ரப்பர் கட்டை நல்ல சூடு தரும். ஆனால் தளவாடத் தொழிற்சாலையின் துண்டு மரங்களைச் சமையல் அடுப்பில் போடக் கூடாது. பூச்சி அரிக்காமலிருக்கப் போரான் மருந்து ஏற்றிய மரம் அது. பசையும் பூச்சும் அதில் ஒட்டியிருக்கலாம். தோட்டத்தில் வெட்டிய பச்சைக் கட்டையைப் பிளந்து, கூரையின் கீழே காற்றோட்டமாக மாதக்கணக்கில் காயவைத்ததே உணவுக்கு ஏற்றது.

நேப்பிள்ஸ் முறையில் பீட்சா 90 வினாடிக்குள் வெந்துவிடும். அந்த நகரத்துப் பீட்சா சுடும் கலையை யுனெஸ்கோ 2017இல் மனிதகுலத்தின் மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது. பீட்சா முடிந்த பிறகும் அடுப்பில் பல மணி நேரச் சூடு மிச்சமிருக்கும். அதை என்ன செய்வது என்பதற்கு ஜொகூர் பாருவில் பாடம் இருக்கிறது. 1919இல் தொடங்கிய ஹியாப் ஜூ பேக்கரியும் 1937இல் தொடங்கிய சலாவுதீன் பேக்கரியும் விறகு அடுப்பில் ரொட்டியும் கேக்கும் சுட்டுப் பெயர் எடுத்தவை. தீ அடங்கிய செங்கல் அடுப்பின் மிதமான சூடு ரொட்டிக்கும் வாழைப்பழக் கேக்குக்கும் ஏற்றது. அதற்கும் பிறகு, இரவு முழுதும் ஆறிக்கொண்டே போகும் அடுப்பில் ஆட்டுக்கறியை மூடிய சட்டியில் வைத்தால் காலையில் எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும். ஈரம் ஏறாத அடுப்புதான் இப்படிச் சூட்டைத் தேக்கி வைக்கும். நனைந்த அடுப்பில் பாதி விறகு தண்ணீரை விரட்டவே போய்விடும்.

தோட்டங்கள் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனையும் வீட்டுமனையும் வரும்போது பழைய பங்களாவையும் ஸ்டோரையும் இடிப்பது இந்த வட்டாரத்தில் புதிதல்ல. இயந்திரம் சுவரைத் தள்ளினால் கூரையும் சேர்ந்து நொறுங்கும். நூறாண்டு உழைக்கும் ஓடு பள்ளம் நிரப்பும் சல்லியாகும். இடிக்கும் செய்தி காதில் விழுந்தால் குத்தகைக்காரரிடம் முன்கூட்டியே பேசி, ஓடுகளைக் கையால் இறக்கித் தரக் கேட்கலாம். அப்படி இறக்கினால் அவருக்கும் காசு, வாங்குபவருக்கும் ஒரே சூளையின் ஓடு மொத்தமாகக் கிடைக்கும். ஓடு கைக்கு வந்ததும் அளவெடுத்துச் சட்டத்துக்குச் சொல்லலாம்; வேலையைத் தொடங்குமுன் மாவட்ட மன்றத்தில் அனுமதி வேண்டுமா என்று கேட்டுவிடுவதும் நல்லது. 210 ஓடு வேண்டிய கூரைக்கு 230 வாங்க வேண்டும், உடைசலுக்கும் பின்னாளில் மாற்றுவதற்கும். முகட்டோடுகளைத் தனியாக எண்ணி வாங்க வேண்டும். பழைய கூரையை இறக்கும்போது சாந்தில் ஒட்டிக்கொண்டு முதலில் உடைவது அவைதான்; அதே அச்சில் பிறகு தேடினால் கிடைப்பது அரிது.